பார்க்லே குட்ரோ டிரேட்: ஒரு மூன்றாம் லைன் ஆட்டக்காரருக்கு இவ்வளவு விலையா?

(அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் டொராண்டோவில் இருப்பவன், மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன். ஆனாலும் ஐஸ் ஹாக்கி புதிதாகப் பார்க்கத் தொடங்கும் நம்மவர்கள் டிரேட் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது) பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் எடுத்துச் சொல்வது எங்கள் அணியின் கதையை அல்ல, டம்பா பே லைட்னிங் அணியின் கதையைத்தான். 2020-இல் அவர்கள் செய்த ஒரு சின்ன டிரேட் அது. அதை ஒட்டி அன்று நடந்த வாக்குவாதத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா டிரேட் சண்டைகளும் புரிந்துவிடும். என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

முதலில், எந்த டிரேட்? யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள்?

2020 பிப்ரவரி 24, திங்கட்கிழமை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல்.லில், அந்தப் பருவத்துக்கான டிரேட் கெடு முடியும் நாள். சான் ஹோசே ஷார்க்ஸ் அணியிலிருந்து பார்க்லே குட்ரோ என்ற ஃபார்வர்டை (முன்கள ஆட்டக்காரரை) டம்பா வாங்கியது. கூடவே ஒரு மூன்றாம் சுற்று டிராஃப்ட் தேர்வும், அதாவது இளம் ஆட்டக்காரர் ஒருவரை எடுக்கும் முறையும், டம்பாவுக்கு வந்தது. பதிலுக்கு டம்பா கொடுத்தது தன்னுடைய 2020 முதல் சுற்றுத் தேர்வு, அப்புறம் ஆந்தனி கிரெக்கோ என்ற மைனர் லீக் (என்.எச்.எல்.லுக்குக் கீழ்மட்டம்) ஃபார்வர்டு.

எட்டு நாள் முன்புதான், பிப்ரவரி 16 அன்று, நியூ ஜெர்சி டெவில்ஸிடமிருந்து பிளேக் கோல்மனை வாங்கியிருந்தார்கள். அதற்கும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு போனது. அது முன்பு வான்கூவரிடமிருந்து டம்பா பெற்றிருந்த தேர்வு. அதோடு நோலன் ஃபூட் என்ற இளம் ஆட்டக்காரரையும் கொடுத்தார்கள். ஆக, எட்டு நாளில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் காலி. வாங்கிய இருவரும் நட்சத்திரங்கள் அல்ல.

‘டெப்த் ஃபார்வர்டு’ என்றால் யார்?

ஒரு ஆட்டத்துக்கு அணி களமிறக்கும் ஃபார்வர்டுகள் 12 பேர். மூவர் மூவராக நான்கு லைன். ஒரு லைன் ஐஸில் இறங்கினால் முக்கால் நிமிடம்தான் ஓடும், மூச்சிரைக்க பெஞ்சுக்குத் திரும்பும், அடுத்த லைன் தாவி இறங்கும். முதல் இரண்டு லைன்களில் இருப்பவர்கள்தான் கோல் அடிக்கச் சம்பளம் வாங்குபவர்கள். மூன்றாவதும் நான்காவதும் டெப்த்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: ஏழாவதாக இறங்கி இருபது ரன் எடுத்து, நான்கு ஓவர் கட்டுப்பாடாகப் போட்டு, எல்லைக்கோட்டில் ஒரு நல்ல கேட்ச் பிடிக்கும் ஆள். மறுநாள் செய்தித்தாளில் அவர் படம் வராது. அவர் இல்லாத அன்று மட்டும் அணி எங்கோ ஒழுகும்.

ஹாக்கியில் அந்த வேலைகள் இன்னும் கரடுமுரடானவை. தன் அணியில் ஒருவர் தண்டனை பெற்று இரண்டு நிமிடம் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது, நால்வராக நின்று ஐவரைத் தடுக்க வேண்டும். இதற்குப் பெனால்டி கில் என்று பெயர். மணிக்கு நூறு மைலை நெருங்கும் வேகத்தில் வரும் பக், கெட்டியான ரப்பர் வட்டு அது, அதன் முன்னால் காலையோ விலாவையோ கொடுத்து நிறுத்த வேண்டும். பலகை ஓரத்தில் இடித்து நெருக்கிப் பக்கைப் பிடுங்க வேண்டும். எதிரணியின் சிறந்த லைன் இறங்கும்போது அவர்களுக்கு எதிராக இறங்கி, கோல் விழாமல் பார்த்துக்கொண்டாலே போதும். இதெல்லாம் செய்து பருவத்துக்கு எட்டுப் பத்து கோலும் அடித்தால் அவர் நல்ல டெப்த் ஃபார்வர்டு.

முதல் சுற்றுத் தேர்வு அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். ஆண்டுதோறும் ஜூன், ஜூலை வாக்கில் பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். அதுதான் டிராஃப்ட். ஏழு சுற்று. முதல் சுற்றில் கிடைப்பவன் நாளை அணியையே தூக்கி நிறுத்தலாம் என்ற நம்பிக்கை. அந்த முறையையே இன்னொரு அணிக்குக் கொடுத்துவிடலாம், விதைநெல்லை விற்பது போல.

ஆனால் எல்லா முதல் சுற்றுத் தேர்வும் ஒன்றல்ல. மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை, நன்றாக ஆடிய அணிக்குக் கடைசி வரிசை. டம்பா கொடுத்தது ஸ்டான்லி கோப்பை, அதாவது லீக்கின் வெற்றிக் கோப்பை, வென்றால் 31-ஆவதாக வரும் தேர்வு, அன்று லீக்கில் இருந்ததே 31 அணிகள்தான். கடைசியில் அதுவேதான் நடந்தது.

ரசிகர்கள் எதிர்த்தது எதற்காக?

அன்று மதியம் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன், சிறுவயதில் வந்தவன், ஹாக்கியில் ஊறியவன். சோற்றுப் பெட்டியைத் திறந்தபடியே கைப்பேசியை என் பக்கம் நீட்டினான்.

“அண்ணை, இதைப் பாருங்கோ. எட்டுக் கோல் அடிச்சவனுக்கு ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்டோ? இவங்களுக்கு என்ன விசரே?”

“எட்டுக் கோலை ஏன் பார்க்கிறாய்? சம்பளத்தைப் பார்” என்றேன்.

“சம்பளம் குறைவெண்டா கோல் கூடுமோ?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. குட்ரோ அந்தப் பருவத்தில் சான் ஹோசேவுக்காக 62 ஆட்டங்களில் 8 கோல், 16 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்). வயது 27 நிரம்ப இரண்டு நாள். டிராஃப்டில் எந்த அணியும் தொடாத ஆள். இதற்கு முன் அவர் பெயர் பெரிதாகப் பேசப்பட்டது ஒரே இரவில்தான், 2019 ஏப்ரல் 23. வேகஸுக்கு எதிரான பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகள்) தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் 0–3 என்று பின்தங்கிய சான் ஹோசே, வேகஸ் பெற்ற ஒரே ஐந்து நிமிடத் தண்டனையில் நான்கு கோல் அடித்து முந்தியது. வேகஸ் சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் வெற்றிக் கோல் அடித்தவர் அன்று பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குட்ரோ. ஒரு கோலுக்காகவா இந்த விலை என்று கேட்டவர்கள் நிறைய.

எதிர்ப்பின் வலுவான வாதம் இன்னொன்று. டம்பாவின் கோல் கீப்பர் ஆந்த்ரே வாசிலெவ்ஸ்கி 2012-இல் 19-ஆவது தேர்வாக வந்தவர். முதல் சுற்றின் பின்பாதியிலிருந்துதான் உலகின் சிறந்த கீப்பரை எடுத்தார்கள். அப்படி எடுக்கத் தெரிந்த அணி ஏன் அந்த வாய்ப்பை வீசுகிறது?

ஆதரித்தவர்கள் என்ன சொன்னார்கள்?

அதே டம்பாவை வைத்துத்தான் அவர்களும் பேசினார்கள். நிகிதா குச்செரோவ் இரண்டாம் சுற்றில் 58-ஆவது. பிரேடன் பாய்ண்ட் மூன்றாம் சுற்றில் 79-ஆவது. ஆந்த்ரே பலாத் ஏழாம் சுற்றில் 208-ஆவது. யானி கூர்டை யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. பின்சுற்றுகளில் ஆள் கண்டுபிடிக்கத் தெரிந்த அணிக்கு 31-ஆவது தேர்வு போனால் உலகம் இருண்டுவிடாது.

இன்னொன்று, 31-ஆவது தேர்வில் வரும் பையன் என்.எச்.எல். ஆடவே மூன்று நான்கு வருடம் ஆகும். அப்போது குச்செரோவுக்கும் தடுப்பாளர் ஹெட்மனுக்கும் வயது கூடியிருக்கும். அணி உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உதவாத சொத்தைக் கொடுத்து உதவும் ஆளை வாங்குவதில் என்ன தவறு? பொது மேலாளர் ஜூலியன் பிரீஸ்ப்வாவின் கணக்கும் இதுதான்.

சம்பளத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

இந்த டிரேட்டின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

என்.எச்.எல்.லில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2019–20-இல் அது 8 கோடியே 15 லட்சம் டாலர். முதலாளி எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. குச்செரோவ் ஒருவருக்கே ஆண்டுக்கு 95 லட்சம். பாய்ண்ட், ஹெட்மன், ஸ்டாம்கோஸ், வாசிலெவ்ஸ்கி என்று வரிசையாகக் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பது சில்லறை. அந்தச் சில்லறையில் ஒரு முழு மூன்றாம் லைன் கட்ட வேண்டும்.

குட்ரோவின் சம்பளம் 9 லட்சத்து 25 ஆயிரம் டாலர். லீக்கின் குறைந்தபட்சமே அன்று 7 லட்சம். கோல்மனுடையது 18 லட்சம். இருவரையும் சேர்த்தால் 27 லட்சத்து 25 ஆயிரம். முக்கியமாக, இருவரின் ஒப்பந்தமும் அடுத்த பருவம் முடியும் வரை இருந்தது. ஒரு வசந்தத்துக்கு வாடகைக்கு எடுத்த ஆட்கள் அல்ல அவர்கள், இரண்டு பிளேஆஃப்களுக்குக் கிடைத்தார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆளை வெளிச்சந்தையில் எடுத்தால் மூன்று மடங்கு, நான்கு மடங்கு கேட்பார். இது கதையல்ல: பிறகு இதே குட்ரோ சந்தைக்குப் போனபோது கிடைத்தது ஆண்டுக்கு 36 லட்சத்துக்கு மேல்.

ஆகவே டம்பா அந்தத் தேர்வைக் கொடுத்து வாங்கியதில் ஆள் பாதி, சம்பளக் கணக்கில் கிடைத்த இடம் பாதி. எட்டு கோலை மட்டும் எண்ணிய ரசிகர்கள் இந்த இரண்டாவது பாதியை எண்ணவே இல்லை. என் தம்பியிடம் அன்று இதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

டம்பா ஏற்கனவே சிறந்த அணிதானே? அவர்களுக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

2018–19 பருவத்தில் டம்பா 82 ஆட்டங்களில் 62 வென்றது. அது லீக் சாதனையைச் சமன் செய்த கணக்கு. 128 புள்ளிகள். பிறகு பிளேஆஃப் முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்குக்கு நான்கும் தோற்று வெளியேறியது. முதல் ஆட்டத்தில் 3–0 என்று முன்னிலையில் இருந்து 3–4 என்று தோற்ற வலியை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

கோல் அடிக்கத் தெரியாமல் அவர்கள் தோற்கவில்லை. இடம் கொடுக்காமல் இடித்து நெருக்கும் அணியிடம், அடுக்கடுக்காக ஓடிவந்து பக்கைப் பிடுங்கும் அணியிடம், முதல் லைன் கட்டுண்டால் அடுத்து யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் தோற்றார்கள். குட்ரோவும் கோல்மனும் அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

வாங்கியதும் பலன் கிடைத்ததா?

உடனே இல்லை. மார்ச் 12 அன்று கொரோனா காரணமாகப் பருவமே நின்றுபோனது. குட்ரோ டம்பாவுக்காகப் பத்து ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. இனி பருவம் தொடருமா என்பதே தெரியாத அந்த நாட்களில், முதல் சுற்றுத் தேர்வு ஆற்றில் கரைத்த புளி என்று பேசியவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் மாதம் ஆளில்லா அரங்குகளில் பிளேஆஃப் தொடங்கியது. டம்பாவின் முதல் எதிரி மறுபடியும் கொலம்பஸ். இடம் எங்கள் டொராண்டோ அரங்கு. ஆகஸ்ட் 11 அன்று நடந்த முதல் ஆட்டம் ஐந்து கூடுதல் நேரப் பகுதிகள் வரை இழுத்தது. பிளேஆஃப் கூடுதல் நேரத்தில் ஷூட் அவுட் கிடையாது. யாராவது கோல் அடிக்கும் வரை 20 நிமிடம் 20 நிமிடமாக ஓட வேண்டியதுதான். கொலம்பஸ் கீப்பர் யோனாஸ் கோர்பிசாலோ 85 ஷாட்களைத் தடுத்தார். நான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். நான்காவது கூடுதல் பகுதியில் ஆட்டக்காரர்கள் பெஞ்சில் ஏறும்போது தடுப்பின் மேல் கால் தூக்கவே சிரமப்பட்டது தெரிந்தது. அன்று இரண்டு லைனை மட்டும் நம்பியிருக்கும் அணி செத்திருக்கும். முன்பு வழக்கமான நேரத்தின் மூன்றாம் பகுதித் தொடக்கத்தில் சமன் கோல் அடித்தவர் கூர்ட். ஐந்தாவது கூடுதல் பகுதியில் பாய்ண்ட் முடித்துவைத்தார்.

கூர்டை நடுவில் வைத்து, ஒருபக்கம் கோல்மன், மறுபக்கம் குட்ரோ என்று பயிற்சியாளர் ஜான் கூப்பர் அமைத்த லைன்தான் பிறகு எல்லோரும் பேசியது. பல ஆட்டங்களில் ஆட்டம் தொடங்கும்போதே முதலில் அவர்களை இறக்கினார். எட்மன்டனில் நடந்த இறுதியில் டல்லாஸை ஆறாவது ஆட்டத்தில் 2–0 என்று வென்று செப்டம்பர் 28 அன்று கோப்பையைத் தூக்கினார்கள். அந்த இரண்டு கோலில் ஒன்று பாய்ண்ட், ஒன்று கோல்மன். அணித்தலைவர் ஸ்டாம்கோஸ் காயத்தால் அந்தப் பிளேஆஃப் முழுவதிலும் ஆடியது மூன்று நிமிடம்கூட இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த லைன் என்ன செய்தது என்று ஒரே காட்சியில் காட்ட முடியுமா?

முடியும். 2021 ஜூன் 30, இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம், எதிரே மாண்ட்ரியல். ஸ்கோர் 1–1. அன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்தது மாண்ட்ரியல்தான். இரண்டாம் பகுதி முடிய சில நொடிகளே மிச்சம், இரு அணியும் இடைவேளைக்குப் போகலாம் என்று இருக்கும் நேரம்.

நடுக்களத்தில் பக் குட்ரோவின் குச்சிக்கு வருகிறது. பலரும் அந்த நேரத்தில் பக்கைச் சும்மா முன்னால் தட்டிவிட்டு நின்றுவிடுவார்கள். குட்ரோ நிற்கவில்லை. தடுக்க வந்தவரைத் தாண்டிப் பக்கைத் தள்ளி, பின்னாலேயே ஓடி, உள்ளே நுழைந்ததும் குறுக்கே கொடுத்தார். மறுபக்கத்தில் கோல்மன், தோளோடு தோளாக ஒரு தடுப்பாளர். பக் கைக்கெட்டாத தூரத்தில் போகிறது. கோல்மன் முழு நீளத்துக்குப் பாய்ந்து, ஐஸில் வயிறு படும் முன்னால் ஒற்றைக் கையில் குச்சியை நீட்டித் தட்டினார். மாண்ட்ரியல் கீப்பர் கேரி பிரைஸைத் தாண்டிப் பக் வலைக்குள் போனபோது கடிகாரத்தில் இரண்டு நொடிகூட மிச்சமில்லை. டம்பா அந்த ஆட்டத்தை 3–1 என்று வென்றது.

குட்ரோவின் கணக்கில் அது ஒரு அசிஸ்ட், அவ்வளவுதான். எல்லோரும் மூச்சு வாங்கும் நேரத்தில் அவர் ஓடிய அந்த ஓட்டத்துக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

அதற்கு ஐந்து நாள் முன்பு, ஐலண்டர்ஸ் அணிக்கு எதிரான அரையிறுதியின் ஏழாவது ஆட்டம் 1–0. அந்த ஒரே கோலை அடித்தவரும் கூர்ட்தான், அதுவும் தன் அணி ஓர் ஆள் குறைவாக இருந்தபோது.

குட்ரோ இல்லாவிட்டால் டம்பா வென்றிருக்காதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பாய்ண்டும் குச்செரோவும் ஹெட்மனும் வாசிலெவ்ஸ்கியும் இல்லாவிட்டால் நிச்சயம் வென்றிருக்காது. குட்ரோ இல்லாமல் வென்றிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும், அதில் பல ஒரு கோல் வித்தியாசத்தில் ஊசலாடும். அந்த ஒரு கோலுக்குத்தான் டெப்த் ஆட்டக்காரர்.

கோப்பை வந்துவிட்டது, ஆகவே டிரேட் சரி என்று வாதிடுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பிப்ரவரி 24 அன்று கையில் இருந்த தகவலை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சம்பளம் குறைவு, ஒப்பந்தம் ஒன்றரை ஆண்டு, அணிக்குத் தெளிவான ஓட்டை, அந்த ஓட்டைக்குப் பொருத்தமான ஆள். இந்த நான்கும் அன்றே தெரிந்தவை. கொலம்பஸிடம் மறுபடி தோற்றிருந்தாலும் அது சரியான டிரேட்தான் என்பது என் முடிவு.

சான் ஹோசேவுக்கு என்ன கிடைத்தது?

அந்த 31-ஆவது தேர்வில் ஓஸி வைஸ்பிளாட் என்ற ஃபார்வர்டை எடுத்தார்கள். சான் ஹோசேவில் அவர் நிலைக்கவில்லை, பிறகு நாஷ்விலுக்கு மாற்றப்பட்டார். கோல்மனுக்காகப் போன தேர்வில் நியூ ஜெர்சி 20-ஆவதாக எடுத்தது ஷாகிர் முகமதுல்லின் என்ற தடுப்பாளரை. அவர் பிறகு வேறொரு பெரிய டிரேட்டில் சான் ஹோசேவுக்கே போய்ச் சேர்ந்தார்.

விற்றவர்களையும் குறை சொல்லக் கூடாது. சான் ஹோசே அப்போது சரிந்துகொண்டிருந்த அணி. மூன்றாம் லைன் ஆளுக்கு முதல் சுற்றுத் தேர்வு தருகிறேன் என்று ஒருவர் வந்தால் கதவைச் சாத்துவதா?

அப்படியானால் எல்லா அணியும் இதையே செய்யலாமே?

செய்தார்கள். பலருக்குக் கை சுட்டது.

எங்கள் கதையையே சொல்கிறேன். 2021 ஏப்ரல் 11. கொலம்பஸ் அணித்தலைவர் நிக் ஃபொலினோவை வாங்க டொராண்டோ ஒரு முதல் சுற்றுத் தேர்வும் இரண்டு நான்காம் சுற்றுத் தேர்வுகளும் கொடுத்தது. அவருடைய அப்பா மைக் ஃபொலினோ லீஃப்ஸுக்கு ஆடியவர், சின்ன வயதில் மகன் அந்த உடைமாற்றும் அறையில் ஓடித் திரிந்தவர். எங்களுக்கெல்லாம் மனம் நெகிழ்ந்தது. குட்ரோவும் கோல்மனும் டம்பாவுக்குக் கொடுத்ததை இவர் எங்களுக்குக் கொடுப்பார் என்று நானே சாப்பாட்டு அறையில் அடித்துப் பேசினேன். வழக்கமான பருவத்தில் ஏழு ஆட்டம் ஆடினார், கோல் இல்லை. முதுகு வலி. பிளேஆஃபில் நான்கு ஆட்டம், ஒரு அசிஸ்ட். மாண்ட்ரியலுக்கு எதிராக 3–1 என்று முன்னிலையில் இருந்து தோற்றோம். ஃபொலினோவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, உடம்பு ஒத்துழைக்காமல் மனம் மட்டும் ஆட முடியாது. ஆனால் அவர் 33 வயதில் வந்தவர், ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிந்தது. டம்பா வாங்கியது இளைய கால்களும் இரண்டு பிளேஆஃபும். நாங்கள் வாங்கியது ஒரே ஒரு வசந்தம். 1967-க்குப் பிறகு கோப்பையே காணாத ஊர் இது, பொறுமை எங்களுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

டம்பாவே பிறகு ஒரு தடவை சறுக்கியது. 2022 மார்ச்சில் சிகாகோவிடமிருந்து பிராண்டன் ஹேகலை வாங்க இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளோடு இரண்டு இளைஞர்களையும் கொடுத்தார்கள். 23 வயது, ஆண்டுக்கு 15 லட்சம், மேலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அது பலித்தது, 2024–25-இல் அவர் கோலும் அசிஸ்டும் சேர்த்து 90 புள்ளி எடுத்தார். ஆனால் 2023 பிப்ரவரியில் நாஷ்விலிடமிருந்து டேனர் ஜெனோவை வாங்க கேல் ஃபூட் என்ற தடுப்பாளரையும், முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் சுற்று என்று ஐந்து தேர்வுகளையும் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு 24 கோல் அடித்த ஜெனோ, அந்த ஆண்டு 56 ஆட்டங்களில் 5 கோலில் நின்றிருந்தார். பழைய ஜெனோ திரும்புவார் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது. திரும்பவில்லை. அந்த வசந்தம் டம்பாவை முதல் சுற்றில் வீழ்த்தியது எங்கள் டொராண்டோ, 2004-க்குப் பிறகு நாங்கள் வென்ற முதல் பிளேஆஃப் தொடர். அடுத்த ஆண்டு ஜெனோவை ஒரு இரண்டாம் சுற்றுக்கும் ஒரு நான்காம் சுற்றுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விலை கொடுக்காமலே நல்ல டெப்த் ஆள் கிடைப்பாரா?

கிடைத்திருக்கிறார். 1993-இல் வினிபெக் ஜெட்ஸ் அணி கிரிஸ் டிரேப்பர் என்ற மைனர் லீக் ஃபார்வர்டை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்தது ஒரே ஒரு டாலருக்கு. அவர் டெட்ராய்ட்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார், 1997, 1998, 2002, 2008 என்று நான்கு கோப்பை. கிர்க் மால்ட்பியோடும், டேரன் மக்கார்ட்டி அல்லது ஜோ கோச்சரோடும் அவர் ஆடிய நான்காவது லைனுக்கு ‘கிரைண்ட் லைன்’ என்று பெயர். 2004-இல் சிறந்த தற்காப்பு ஃபார்வர்டுக்கான செல்கி விருதும் வாங்கினார்.

அந்த டிரேட் நடந்த அன்று யாரும் வாதாடவில்லை, வாதாட அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ரசிகர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

பெரிய நட்சத்திரத்தை வாங்கினால் வாதமே இல்லை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சின்ன டிரேட்டில்தான் ஒவ்வொருவரும் அணியைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பது வெளியே வருகிறது. இந்த ஆண்டே கோப்பை என்று நம்புகிறவன் தேர்வைக் கொடு என்பான். இன்னும் மூன்று வருடம் ஆகும் என்று நினைக்கிறவன் கொடுக்காதே என்பான். எட்டு கோல் ஆட்டக்காரர் ஒரு சாக்குத்தான். என் தம்பியும் நானும் அன்று வாதிட்டது குட்ரோவைப் பற்றி என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் டம்பா இனி தேறுமா தேறாதா என்றுதான் வாதிட்டிருக்கிறோம்.

குட்ரோவை டம்பா ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

வைத்துக்கொள்ளக் காசில்லை. உச்சவரம்பு 8 கோடியே 15 லட்சத்திலேயே உறைந்து நின்றது. 2021 ஜூலையில், இரண்டாவது கோப்பையைத் தூக்கிய அதே மாதத்தில், அந்த லைன் முழுதாகக் கலைந்தது. கூர்டைப் புதிய அணியான சியாட்டில் எடுத்துக்கொண்டது. கோல்மன் ஆண்டுக்கு 49 லட்சத்துக்கு ஆறு ஆண்டு என்று கால்கரி போனார். குட்ரோவின் பேச்சுவார்த்தை உரிமையை ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வுக்கு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்தார்கள், அங்கே அவருக்கும் ஆறு ஆண்டு ஒப்பந்தம். கூர்ட் மட்டும் 2025 மார்ச்சில் டம்பாவுக்குத் திரும்பினார்.

அப்புறம் குட்ரோ என்ன ஆனார்?

ரேஞ்சர்ஸில் மூன்று பருவம் ஆடினார். 2024 கிழக்கு இறுதியில் ஃப்ளோரிடாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் கூடுதல் நேர வெற்றிக் கோலும் அடித்தார். அடுத்த மாதமே, சம்பளம் பாரமாகிவிட்டதென்று ரேஞ்சர்ஸ் அவரை வெய்வர்ஸில் போட்டது. அப்படிப் போட்டால் எந்த அணி வேண்டுமானாலும் பதிலுக்கு எதுவும் தராமல் எடுத்துக்கொள்ளலாம், சம்பளத்தை மட்டும் ஏற்க வேண்டும். எடுத்துக்கொண்டது சான் ஹோசே. நான்கு ஆண்டுக்கு முன்பு அவரைக் கொடுத்து முதல் சுற்றுத் தேர்வு வாங்கிய அதே அணி. செய்தி வந்த அன்று தம்பிதான் முதலில் அழைத்தான்.